நாற்பத்தொன்றாம் நம்பர் கோளாறு

ஃபாரம் அக்கா இதுவரை நானூறு காதல் கதைகளாவது எழுதியிருப்பாள். அத்தனையிலும் மழை பெய்யும்.

அவள் ஒன்றும் எழுத்தாளர் இல்லை. குடியேற்ற அலுவலகத்துக்கு எதிர்ச்சாரியில், மருந்துக் கடைக்கும் செருப்புக் கடைக்கும் நடுவே ஒடுங்கி நிற்கும் ஜெராக்ஸ் கடை அவளுடையது. எட்டடி அகலம். ஒரு பெரிய மிஷின், ஒரு சின்ன மிஷின், பாஸ்போர்ட் போட்டோ எடுக்க ஒரு வெள்ளைத் திரை, அதன் முன்னால் ஒரு சுழல் முக்காலி. பத்தொன்பது வருஷமாக அந்த கவுண்டருக்குப் பின்னால் நிற்கிறாள். எதிரே போகிற கூட்டத்தில் பாதி இங்கே நின்றுவிட்டுத்தான் போகும். யாருக்கு எந்த ஃபாரம், எந்தக் கட்டத்தை நிரப்பவேண்டும், எந்தக் கட்டத்தைத் தொடவே கூடாது, எல்லாம் அவளுக்குத் தண்ணீர் பட்ட பாடு. அவளுடைய ஓயாத பல்லவி ஒன்று உண்டு: "படிக்காம கையெழுத்துப் போடாதீங்க." கூரியர்காரர் நீட்டுகிற சீட்டைக்கூட முன்னும் பின்னும் படித்துவிட்டுத்தான் வாங்குவாள். அவர் வெளியே வண்டியை அணைக்காமல் நின்று பல்லைக் கடிப்பார்.

வெளிநாட்டுக்காரரைக் கல்யாணம் செய்துகொண்டவர்கள் தங்கள் துணையை இங்கேயே வைத்துக்கொள்ளப் போடவேண்டியது ஏழாம் நம்பர் ஃபாரம். அதோடு ஒரு கடிதமும் வைக்கவேண்டும்: எப்படிச் சந்தித்தீர்கள், எப்படிப் பழகினீர்கள், ஏன் கல்யாணம் செய்துகொண்டீர்கள். சொந்தக் கையால் எழுதவேண்டும், அல்லது எழுதச் சொல்லிக் கையெழுத்துப் போடவேண்டும். இங்கேதான் ஜனங்கள் திருதிருவென்று விழிப்பார்கள். "எப்படிம்மா சந்திச்சீங்க?" என்று கேட்டால், "சும்மாதான்க்கா, பாத்தோம்" என்பார்கள். அதை வைத்துக்கொண்டு ஒரு பக்கம் எப்படி நிரப்புவது? முதன்முதலில் வந்த ஜோடி உண்மையாகவே மழைக்கு ஒரு பஸ் நிறுத்தத்தில் ஒதுங்கிப் பழகியவர்கள். அவர்களுக்கு அனுமதி கிடைத்தது. அன்றிலிருந்து மழை ராசியாகிவிட்டது. "மழை பெய்துகொண்டிருந்தது. முதல் சந்திப்பிலேயே எங்கள் மனங்கள் ஒன்றையொன்று அறிந்துகொண்டன." இப்படித் தொடங்கி, "மனமொத்து வாழ்கிறோம்" என்று முடிப்பாள். எதிரில் நிற்பவர்களுக்குக் கண் கலங்கிவிடும். தங்களுக்கு இப்படியெல்லாம் நடந்ததா என்று ஒருவரையொருவர் பார்த்துக்கொள்வார்கள்.

இத்தனை பேருக்கு எழுதியவளுக்குத் தனக்கென்று எழுத ஒன்றும் வாய்க்கவில்லை. தம்பியைப் படிக்க வைத்து, அவனுக்கு ஒரு வேலை, ஒரு பெண் என்று எல்லாம் முடித்து நிமிர்ந்து பார்த்தபோது நாற்பதைத் தாண்டியிருந்தாள். அதற்காக மூக்கைச் சிந்திக்கொண்டு உட்காரவும் இல்லை. கடையைத் திறந்தாள், மூடினாள். நாற்பத்தாறு வயதில்தான் மிஷின்காரர் வந்தார்.

பெரிய மிஷின் பேப்பரைக் கடித்துக்கொண்டு விடமாட்டேன் என்றபோது கம்பெனி அனுப்பிய ஆள் அவர். வெளிநாட்டுக்காரர். நாற்பது வயது இருக்கும். வேலை பர்மிட்டில் வந்து ஆறு வருஷமாக ஊரில் உள்ள மிஷின்களையெல்லாம் பழுது பார்க்கிறவர். அவர் தமிழ் கற்றது கடை கவுண்டர்களில். அதனால் வாயைத் திறந்தால், "வாங்க, உக்காருங்க, ஒரிஜினல் கொண்டு வந்தீங்களா?" என்ற மரியாதையில்தான் பேச வரும். நாயைக்கூட 'நீங்க' என்பார். எல்லாரும் அக்காவை 'ஃபாரம் அக்கா' என்று கூப்பிட்டதால், அதுதான் அவள் பெயர் என்று நினைத்துவிட்டார். நல்லவேளை, அவள் அவரைத் தம்பி என்று கூப்பிடவில்லை. 'மிஷின்காரரே' என்றுதான் கூப்பிட்டாள்.

அன்று அவர் நீளமான இடுக்கியை உள்ளே விட்டு எதையோ எடுத்தார், சர்வீஸ் சீட்டு ஒன்றில் கையெழுத்து வாங்கினார். யாரும் கேட்காமலே கண்ணாடியையும் துடைத்தார். தண்ணீர் வாங்கிக் குடித்துவிட்டு முக்காலியில் உட்கார்ந்தவர், கவுண்டரில் காய்ந்துகொண்டிருந்த ஒரு கடிதத்தைக் காட்டி, 'மனமொத்து' என்றால் என்ன என்று கேட்டார். அவள் எழுதியதில் ஒரு வார்த்தைக்கு அர்த்தம் கேட்ட முதல் ஆள் அவர்தான். அவள் விளக்கினாள். இரண்டு பேர் ஒரே சமயத்தில் ஒன்றையே நினைப்பது என்றாள். அவர் கொஞ்சம் யோசித்துவிட்டு, மிஷினில் இரண்டு ரோலரும் ஒரே வேகத்தில் சுற்றினால்தான் பேப்பர் கசங்காமல் வரும், அது மாதிரியா என்று கேட்டார். அது மாதிரிதான் என்றாள்.

அப்புறம் மூன்று வாரம் மிஷின் சமர்த்தாக ஓடியது. அக்காவுக்கு அதன்மேல் வந்த எரிச்சல் கொஞ்சநஞ்சமில்லை.

நாலாவது வாரம் அவள் ஒரு வீண் காகிதக் கட்டை ஸ்டேப்ளர் பின்னோடு மிஷினின் மேல்தட்டில் வைத்து ஓட்டினாள். கை தவறிவிட்டது என்று தனக்குத்தானே சொல்லிக்கொண்டாள். அடுத்த தடவை அப்படிச் சொல்லிக்கொள்ளவும் இல்லை. பின் எடுக்காமல் பேப்பரை நீட்டும் வாடிக்கையாளரை அந்த இடத்திலேயே கடித்துக் குதறுகிறவள், பத்து மாதத்தில் பதினாலு தடவை தானே பின்னைப் போட்டாள். ஒவ்வொரு தடவையும் அவர் வந்து இடுக்கியை விட்டு எடுத்துச் சட்டைப் பையில் போட்டுக்கொள்வார். என்ன கோளாறு என்று அவள் கேட்டதில்லை. எப்படிக் கேட்பாள், கேட்கிற முகமா அது? அவரும் சொன்னதில்லை. சர்வீஸ் சீட்டை நிரப்பி நீட்டுவார்: தேதி, நேரம், மிஷின் எண், கோளாறு எண் 41, வாடிக்கையாளர் கையெழுத்து. நாற்பத்தொன்று என்றால் ரோலராக இருக்கும் என்று நினைத்துக்கொண்டு, குனிந்த தலை நிமிராமல் கையெழுத்துப் போட்டு, பிங்க் நகலை கவுண்டரில் சீட்டுக் குத்தும் ஆணியில் குத்திவிடுவாள்.

இப்படி ஓடிக்கொண்டிருந்ததற்கு ஒருநாள் முற்றுப்புள்ளி வந்தது. மிஷின்காரரின் கம்பெனி கிளையை மூடிவிட்டது. கம்பெனி போனால் பர்மிட்டும் போயிற்று. அறுபது நாளைக்குள் ஊரைவிட்டுக் கிளம்பவேண்டும். அவர் பாஸ்போர்ட்டைக் கொண்டுவந்து, எல்லாப் பக்கமும் ஒரு நகல் வேண்டும் என்றார். அக்கா ஒவ்வொரு பக்கமாகக் கண்ணாடியில் கவிழ்த்தாள். நகல்களை அடுக்கி, பாஸ்போர்ட்டை மேலே வைத்து, அதன்மேல் ஏழாம் நம்பர் ஃபாரம் ஒன்றையும் வைத்து நகர்த்தினாள்.

அவர் படித்தார். நிதானமாக, இரண்டு பக்கமும் படித்தார்.

"இது கல்யாணம் ஆனவங்களுக்கு," என்றார்.

"ஆமா," என்றாள் அக்கா.

அவர் அதை மடித்துப் பையில் வைத்துக்கொண்டு போனார். இரண்டு நாள் ஆளைக் காணோம். அந்த இரண்டு நாளும் அவள் போட்டுக்கொடுத்த நகல்கள் எல்லாம் கோணல். மூன்றாம் நாள் ஃபாரத்தை நிரப்பிக் கொண்டுவந்தார். ஆதரவு தரும் துணையின் பெயர் என்ற கட்டத்தில் கொட்டை எழுத்தில் எழுதியிருந்தார்: ஃபாரம் அக்கா. அவள் சிரித்த சிரிப்பில் மருந்துக் கடைக்காரர் எட்டிப் பார்த்தார். சிரிப்பு எப்போது அழுகையானது என்று அவளுக்கே தெரியாது.

தம்பிக்குத்தான் இது தொண்டைக்குள் இறங்கவில்லை. "உனக்கென்னக்கா கேடு? அனுமதிக் கார்டு கையில வந்த மறுநாள் ஆள் இருக்கமாட்டான், பாத்துக்கோ," என்றான். விண்ணப்பத்தோடு வைக்கும் ஆதரவுக் கடிதத்தில் உறவினராகக் கையெழுத்துப் போடவும் மாட்டேன் என்றுவிட்டான். அவன் கெட்டவன் இல்லை. அக்கா ஏமாந்துவிடக்கூடாதே என்ற பதைப்பு. ஆனால் அவன் போட்டுவிட்டுப் போன அந்த வார்த்தை அவள் மனசில் முள்ளாகக் குத்திக்கொண்டே இருந்தது. அவன் சொன்னதில் தப்பு என்ன? ஃபாரத்தை நகர்த்தியது அவள். பர்மிட் போகும் நாளில் நகர்த்தியது. முங்கப்போகிறவன் கயிற்றைப் பிடிப்பான், கயிற்றின்மேல் ஆசைப்பட்டா பிடிப்பான்?

பதிவு அலுவலகத்தில் கல்யாணம் முடிந்து ஐந்து மாதமாயிற்று. முடிவு வரும்வரை அவர் வேலை செய்யக்கூடாது. அதனால் கடையில் உட்கார்ந்து கண்ணாடி துடைப்பார், வாடிக்கையாளருக்கு முக்காலியைச் சரியான உயரத்துக்குச் சுழற்றிவிடுவார். காலையில் காப்பியோடு வந்து, "வாங்க அக்கா, உக்காருங்க, ஒரிஜினல் கொண்டு வந்தீங்களா?" என்று எழுப்புவார். கட்டின பெண்டாட்டியை அக்கா என்று கூப்பிடக்கூடாது என்று தம்பி பெண்டாட்டி எவ்வளவோ சொல்லிப் பார்த்தாள். "பேரு அதுதானே," என்பார் விளையாட்டாக. கல்யாணத்துக்குப் பிறகு மிஷின் ஒரு தடவைகூட மக்கர் பண்ணவில்லை. எல்லாம் நன்றாகத்தான் இருந்தது. நன்றாக இருக்க இருக்க, தம்பி சொன்ன அந்த மறுநாளைத்தான் அவள் எண்ணிக்கொண்டிருந்தாள்.

கல்யாணமான புதிதில், கோப்பில் வைக்கச் சொந்தக் கடிதம் எழுத உட்கார்ந்தபோதே பேனா ஓடவில்லை. பின் போட்டதை எழுதலாமா? மானம் போய்விடும். ஃபாரத்தை நகர்த்தியதை எழுதலாமா? அதைவிட வம்பு வேறு வேண்டாம். நாலு காகிதம் கசக்கிப் போட்டாள். கோப்பு கொடுக்கவேண்டிய நாள் வந்துவிட்டது, கவுண்டர் மூட அரைமணி இருந்தது. அப்போது அவள் கை பழக்கத்தில் தானாகவே எழுதிக்கொண்டு போனது: மழை பெய்துகொண்டிருந்தது.

ஐந்து மாதம் கழித்து இப்போது நேர்காணலுக்கு அழைப்பு வந்தது, காலை பத்தரைக்கு. முதலில் அவளை மட்டும் உள்ளே கூப்பிட்டார்கள். மேசைக்குப் பின்னால் இருந்த அம்மாளை அவள் பார்த்ததே இல்லை. ஆனால் மேசையில் பச்சை மைப் பேனா இருந்தது. அவள் கைப்பட எழுதிப் போன கோப்புகளெல்லாம் அந்தப் பச்சை மைக் கையெழுத்தோடுதான் திரும்பி வரும். பச்சை மை அம்மாள் என்று அவளே ஒரு பெயர் வைத்திருந்தாள்.

அதிகாரி அவள் கடிதத்தை மேசையில் வைத்தார். பக்கத்தில் இன்னொரு கோப்பைத் திறந்து வைத்தார். அதன் பக்கத்தில் இன்னொன்று. மூன்றும் ஒரே கையெழுத்து. மூன்றிலும் முதல் வரி ஒன்றுதான்.

"பத்து வருஷமா உங்க எழுத்தைப் படிக்கிறேன்மா. ஆளை இன்னைக்குத்தான் பாக்கறேன்," என்றார். "எல்லாருக்கும் மழையா?"

அக்காவுக்கு முகத்தில் ஈயாடவில்லை. கையும் களவுமாகப் பிடிபட்டாயிற்று. மற்றவர்களுக்கு எழுதித் தந்ததைப் பற்றி இப்போது பேச்சில்லை, அவரவர் கையெழுத்துப் போட்டது அவரவர் பாடு என்றார் அதிகாரி. பிறகு கண்ணாடியைக் கழற்றிவிட்டு, "ஆனா உங்க சொந்தக் கதைக்கும் இதே காகிதம்னா, நான் என்னன்னு நெனைக்கிறது? சொல்லுங்க," என்றார்.

அக்கா சொன்னாள். மழையில்லை, அன்றைக்குக் கொளுத்துகிற வெயில் என்று தொடங்கினாள். பின் போட்டதைச் சொன்னாள். ஒன்று, இரண்டு என்று மழுப்பாமல் பதினாலையும் சொன்னாள். பாஸ்போர்ட் நகல் எடுத்ததை, ஃபாரத்தை நகர்த்தியதை, அவர் இரண்டு நாள் வராமல் இருந்ததைச் சொன்னாள். தலை நிமிரவே இல்லை. நாற்பத்தேழு வயதுக்காரி பேசுகிற பேச்சா இது என்று உள்ளுக்குள் கூசியது. எல்லாம் கேட்டுவிட்டு அதிகாரி ஒரே ஒரு கேள்விதான் கேட்டார். அவர் உங்களைக் கட்டிக்கொண்டது பர்மிட்டுக்காகவா?

"தெரியாது மேடம்," என்றாள் அக்கா. "நான் கேக்கல. கேட்டா பதில் சொல்லிடுவாரோன்னு பயம்."

அவளை வெளியே உட்காரச் சொல்லிவிட்டு அவரை உள்ளே கூப்பிட்டார்கள். அவர் போகும்போது, "தண்ணி குடிங்க அக்கா," என்று பாட்டிலைக் கொடுத்துவிட்டுப் போனார். பெஞ்சில் பக்கத்தில் இருந்தவர் ஒரு மாதிரியாகப் பார்த்தார். பத்து நிமிஷம் ஆயிற்று. இருபது ஆயிற்று. சுவரில் ஒட்டியிருந்த அறிவிப்புகளையெல்லாம் அவள் மூன்று தரம் படித்தாள். அதில் இரண்டு அவள் கடையில் நகல் எடுத்தவை. உள்ளே அவர் என்ன சொல்லிக்கொண்டிருப்பார்? அவர் பொய் சொல்லத் தெரியாதவர். ஃபாரம் கிடைத்தது, போட்டேன் என்று சொல்லிவிட்டால்? கோப்பு போவதைவிட, அந்தச் சொல் அந்த அறையில் சொல்லப்பட்டுவிடுமே என்றுதான் அவள் பயந்தாள்.

நாற்பது நிமிஷம் கழித்து அதிகாரியே கதவைத் திறந்தார்.

"உங்க கடையில சர்வீஸ் சீட்டு குத்தி வெச்சிருப்பீங்களாமே. அதை எடுத்துட்டு வாங்க."

சாலையைத் தாண்டி ஓடினாள். ஹார்ன் அடித்தவனைத் திட்டக்கூட நேரமில்லை. சீட்டுகளை ஆணியோடு பிடுங்கிக்கொண்டு திரும்பி ஓடிவந்தாள். அதிகாரி பிங்க் சீட்டுகளை மட்டும் பிரித்து, தேதி வாரியாக வரிசையாகப் பரப்பினார். மிஷின்காரர் நாற்காலி நுனியில் உட்கார்ந்திருந்தார். காது சிவந்திருந்தது. மேசையில் ஓரம் நைந்த ஓர் அட்டை கிடந்தது, மிஷின் பழுது பார்க்கிறவர்கள் பையிலேயே வைத்திருக்கும் கோளாறு அட்டவணை. அதிகாரி அதை அவள் பக்கம் திருப்பி, ஒரு வரியில் விரலை வைத்தார்.

41. வாடிக்கையாளரே உள்ளே போட்ட பொருள்.

அக்கா அட்டையைப் பார்த்தாள். சீட்டுகளைப் பார்த்தாள். பதினைந்து சீட்டு, பதினைந்து நாற்பத்தொன்று. அவர் முதன்முதலில் வந்த நாளின் சீட்டிலிருந்து கடைசிவரை, ஒவ்வொன்றின் கீழும் அவளுடைய கையெழுத்து.

"படிச்சுப் பாத்துத்தான் கையெழுத்துப் போட்டீங்களாம்மா?" என்று கேட்டார் அதிகாரி.

பூமி பிளந்து உள்ளே இழுத்துக்கொள்ளாதா என்றிருந்தது. கம்பெனியில் யாரும் இதைக் கேட்கவில்லையா என்று அதிகாரி மிஷின்காரரிடம் விசாரித்தாராம். கேட்டார்கள், அந்தக் கடை அக்காவுக்குக் கண் கொஞ்சம் மங்கல் என்று சொல்லிச் சமாளித்தேன் என்றாராம். இதைச் சொல்லும்போது அதிகாரி உதட்டை மடித்துக்கொண்டார். பிறகு கடைசிச் சீட்டின் தேதியைத் தட்டிக் காட்டினார். கம்பெனி மூடுகிற நோட்டீஸ் வந்தது அதற்குப் பிறகு இரண்டு வாரம் கழித்து. பர்மிட் போகுமென்று யாருக்கும் தெரியாத காலத்திலேயே இந்த மனிதர், கோளாறே இல்லாத மிஷினைப் பார்க்கப் பதினாலு தடவை வந்திருக்கிறார்.

அதிகாரி ஒரு வெள்ளைத் தாளை அவள் முன்னால் வைத்தார். "இங்கயே எழுதுங்க. மழை வேண்டாம்."

நானூறு கதை எழுதிய கை அன்று முதல் எழுத்துக்கே தடுமாறியது. பிறகு எழுதினாள்: 'மிஷினில் பின்னைப் போட்டது நான்தான்.' அதன்பிறகு நிற்கவில்லை. ஒரு பக்கம் நிரம்பித் திருப்பிப் போட்டு எழுதினாள். அடித்தல் திருத்தல் ஏராளம். வாடிக்கையாளர் யாராவது இப்படிக் கொண்டுவந்தால் கிழித்துப் போட்டிருப்பாள். முடித்துவிட்டு முதலிலிருந்து கடைசிவரை படித்தாள். கையெழுத்துப் போட்டாள். அவரும் படித்தார். எழுத்துக்கூட்டி, நேரம் எடுத்துப் படித்தார். ஒரே ஒரு இடத்தில் விரலை வைத்து, இரண்டு நாள் வரவில்லை என்று எழுதியிருக்கிறீர்கள், அந்த இரண்டு நாளும் நல்ல சட்டை தேடி அலைந்தேன் என்று சேர்த்துக்கொள்ளலாமா என்று அதிகாரியைக் கேட்டார். சேர்த்துக்கொள்ளலாம் என்றார் அதிகாரி.

கவுண்டரில் நிற்கிறவர்களுக்குத் தலைகீழாகப் படிக்க வரும். அதிகாரி கோப்பின் மேல்தாளில் பச்சை மையில் எழுதியதை அக்கா எதிர்ப்பக்கமிருந்தே படித்துவிட்டாள்: உறவு உண்மையானது. வதிவிட அனுமதி வழங்கலாம். கடிதத்தைக் கோப்போடு சேர்க்க அதிகாரி ஸ்டேப்ளரை எடுத்தார். எடுத்தவர் கொஞ்சம் தயங்கி இரண்டு பேரையும் பார்த்தார். பிறகு டக்கென்று பின்னை அடித்தார்.

படியிறங்கும்போது அக்கா கைப்பிடியைப் பிடித்தபடி நடுவிலேயே நின்றுவிட்டாள். தம்பி குத்திவிட்டுப் போன முள் இன்னும் ஒரு நுனி உள்ளேயே இருந்தது.

"அப்ப முதல்லேருந்தே தெரியுமா உங்களுக்கு?"

"ரெண்டாவது தடவையிலேருந்து," என்றார் அவர். "நான் வந்த முதல் தடவை உங்களுக்கு நெசமாவே கை தவறிருச்சு."

"தெரிஞ்சா ஒரு வார்த்தை சொல்லக்கூடாதா? பத்து மாசம் நான் என்ன பாடு பட்டேன் தெரியுமா?"

அவர் ஆணியை அவள் கையிலிருந்து வாங்கிக்கொண்டார். கூரான பக்கத்தைத் தன் உள்ளங்கைக்குள் மூடிக்கொண்டு சொன்னார்:

"சொல்லியிருந்தா நீங்க பின்னை எடுத்துட்டு வெச்சிருப்பீங்க அக்கா. அப்புறம் நான் எதுக்குன்னு வர்றது?"